சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் நாளிதழின் வீடு, மனை பக்கத்தில், கலவை இல்லாமல் அடுக்கும் கான்கிரீட் பிளாக் தடுப்புச் சுவர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. வளைவு, படிக்கட்டு, நடுவே செடி என்று முகப்புகள் பளிச்சென்று இருந்தன. ஆனால் கொத்தனார்கூடத் தேவையில்லை, விடுமுறை நாட்களில் நாமே அடுக்கிவிடலாம் என்ற ஆலோசனையைப் படித்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் உயரப் பாத்திச் சுவருக்கு அது பொருந்தும். கட்டுரையோடு வந்த படங்களில் ஒன்றில் இருந்ததோ ஆளுயரத்தைத் தாண்டிய சுவர். மேலே கார் வேறு நின்றது.

நான் சிவில் பொறியாளர். வயிறு தள்ளி நிற்கும் சுவரையும் சரிந்து கிடக்கும் சுவரையும் போய்ப் பார்த்து, ஏன் இப்படி ஆனது என்று எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பில் பாதி. பிளாக் நொறுங்கியதால் விழுந்த சுவரை நான் அநேகமாகப் பார்த்ததே இல்லை. சரிந்த குவியலைக் கிளறினால் பிளாக்குகள் முக்கால்வாசி முழுசாகவே கிடைக்கும். தட்டிக் கழுவி மறுபடி அடுக்கலாம். கெட்டது பின்னாலிருந்த மண். அந்த மண்ணைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை என்பதுதான் என் குறை.

இந்த வகைச் சுவரில் ஒரு பிளாக்கையும் இன்னொன்றையும் சாந்து பிணைப்பதில்லை. ஒன்றன்மேல் ஒன்று வெறுமனே உட்காருகின்றன. ஒவ்வொரு வரியும் கீழ்வரியைவிடச் சற்று உள்வாங்கி, மண் பக்கம் சாய்ந்தபடி மேலேறும். எவ்வளவு உள்வாங்க வேண்டும் என்பதை பிளாக்கின் பின்புறமுள்ள உதடோ, துளைகளில் செருகும் பின்னோ தீர்மானிக்கும். உயரம் குறைவென்றால் பிளாக்கின் எடையே மண்ணைத் தாங்கிவிடும். அது பிளாக்கின் ஆழத்தையும் மண்ணின் வகையையும் பொறுத்து மூன்று, மூன்றரை அடி வரை செல்லும். அதற்கு மேல் வெறும் எடையை நம்ப முடியாது. ஏன் முடியாது என்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று போதும்.

ஓரளவு நல்ல மண், கன மீட்டருக்கு 1,800 கிலோ, உராய்வுக் கோணம் (மண் தானே சரியாமல் நிற்கும் சரிவு என்று கொள்ளலாம்) 30 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் உயரச் சுவரில், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் அந்த மண் தரும் தள்ளு விசை சுமார் 300 கிலோ. இரண்டு மீட்டர் உயரமானால் 600 என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வருவது 1,200. மூன்று மீட்டருக்கு 2,700. தள்ளு விசை உயரத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. அந்த விசை செயல்படும் இடமும் உயரத்தோடு சேர்ந்து மேலே போவதால், சுவரைக் குப்புறக் கவிழ்க்கும் திருப்புவிசை உயரத்தின் மும்மடியில், அதாவது 1, 8, 27 என்று ஏறுகிறது. ஆக, மூன்றடிச் சுவர் நன்றாக நிற்கிறதே, இன்னும் மூன்றடி ஏற்றிக்கொள்ளலாம் என்பவர் எட்டு மடங்கு கேட்கிறார் என்று அர்த்தம்.

இந்தக் கணக்கு ஒன்றும் புதிதல்ல. மண் ஓர் ஆப்புபோலப் பிரிந்து சுவரைத் தள்ளுகிறது என்று 1776-இல் அச்சான கட்டுரையில் எழுதியவர் பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் கூலும். பள்ளிக்கூடத்தில் மின்னூட்டங்களுக்கு விதி படித்தோமே, அதே கூலும்தான். மார்ட்டினிக் தீவில் கோட்டை கட்டப் போனவர் அவர். மின்சாரத்துக்கு வருவதற்கு முன்பே மண்ணோடு மல்லுக்கட்டியவர். 1857-இல் ஸ்காட்லாந்துப் பொறியாளர் ராங்கின் அதை இன்னும் சுருக்கமான சூத்திரமாக்கினார். நாங்கள் இன்றைக்கும் இவ்விருவர் வழியில்தான் முதல் கணக்கைப் போடுகிறோம்.

மேலே சொன்னதெல்லாம் காய்ந்த மண்ணுக்கு. அதே இரண்டு மீட்டர் சுவருக்குப் பின்னால் மழைநீர் மேல்மட்டம் வரை தேங்கி நின்றால், தண்ணீர் மட்டுமே மீட்டர் நீளத்துக்கு 2,000 கிலோ தள்ளும். மண் நீருக்குள் மிதப்பதால் அதன் பங்கு வெகுவாகக் குறையும் என்பது உண்மை. இரண்டையும் கூட்டினால் காய்ந்த நாளில் இருந்ததைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வரும். சுவரைத் தாங்கும் திறனுள்ளதாக வடிவமைக்கும்போது சறுக்கலுக்கு நாங்கள் வைக்கும் பாதுகாப்புக் காரணி வழக்கமாக 1.5, அதாவது தள்ளுவதைப்போல் ஒன்றரை மடங்கு எதிர்ப்பு. அந்த உபரியை ஒரே மழை விழுங்கிவிடும். பிளாக்குகளின் இடுக்கு வழியே தண்ணீர் தானாக வடிந்துவிடாதா என்று கேட்பார்கள். பின்னால் ஜல்லி இருந்தால் வடியும். களிமண் இருந்தால் இடுக்கெல்லாம் அடைத்துக்கொள்ளும், மண் ஊறிக்கொண்டே கிடக்கும்.

சமீபத்தில் பிரித்துப் பார்த்த ஒரு சுவரைச் சொல்கிறேன். யார் கட்டியது, எங்கே என்பது வேண்டாம். எட்டடிக்கு மேல் உயரம், நடுவில் ஒரு சாண் அளவு முன்னால் பிதுங்கியிருந்தது. மழை விட்டுப் பல நாளாகியும், மேலிருந்து இரண்டு வரி பிளாக்கை எடுத்ததுமே ஈர வாடை அடித்தது. பிளாக்கின் முதுகுக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு அடி அகலத்துக்குச் சுத்தமான 20 மி.மீ. ஜல்லி இருந்திருக்க வேண்டும். அங்கே தோண்டிய களிமண்ணையே திருப்பிக் கொட்டியிருந்தார்கள். அதோடு பழைய பூச்சுக் கட்டிகள், கிழிந்த சிமென்ட் சாக்கு, ஒற்றைக் கையுறை. விரலால் அழுத்தினால் பதிந்தது. ஒரு நாளும் திமிசு பார்க்காத, அதாவது இடித்து இறுக்காத மண்.

அடிவரை இறங்கியபோது ஓட்டை போட்ட நான்கு அங்குலக் குழாய் தென்பட்டது. வடிகட்டித் துணி சுற்றி, ஒழுங்காகவே படுக்க வைத்திருந்தார்கள். உடன் நின்ற மேஸ்திரிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"பாருங்க மேடம், குழாய் போட்டிருக்கு."

"போட்டிருக்கு அண்ணே. தண்ணி எந்தப் பக்கமா வெளிய வரும்?"

குழாயைக் கையால் தடவிக்கொண்டே சுவரின் ஒரு கோடிக்குப் போனார். மண்ணுக்குள் போய் முடிந்தது. மறுகோடிக்குப் போனார். அங்கேயும் அப்படியே. "இந்தப் பக்கம் வேற டீம் பார்த்தாங்க மேடம்" என்றார். குழாயை அறுத்ததும் கலங்கல் தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. சுவருக்கு அடியில் வாட்டம் கொடுத்து, சுமார் 15 மீட்டருக்கு ஒன்றாக வெளியே வாய் விட்டிருந்தால், அந்தச் சுவர் மற்ற குறைகளைப் பொறுத்துக்கொண்டு இன்னும் சில மழைக்காலம் நின்றிருக்கக்கூடும்.

இது ஏதோ ஒரு சுவரின் கதை என்று நினைக்க வேண்டாம். வலை வைத்து வலுவூட்டிய மண் சுவர்களில் பழுதானவை 171-ஐத் தொகுத்து, ராபர்ட் கோர்னர், ஜார்ஜ் கோர்னர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் 2013-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பத்தில் சுமார் ஆறு சுவர்களுக்குத் தண்ணீர்தான் எமன். அதே அளவு சுவர்களில் பின்னால் நிரப்பியது வண்டலும் களிமண்ணும். வலை தரமில்லாமல் அறுந்து விழுந்தது என்று சொல்லத்தக்கவை அரிதிலும் அரிது. ஏறக்குறைய எல்லாமே வடிவமைப்பிலோ வேலையிலோ வந்த கோளாறு.

அந்த வலையைத்தான் ஜியோகிரிட் என்கிறோம். பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்ரி விடால் 1960-களின் தொடக்கத்தில் மண்ணுக்குள் உலோகப் பட்டைகளை வைத்து மண்ணையே சுவராக்கும் முறையைக் கொண்டுவந்தார். பின்னால் பட்டைகளின் இடத்தில் பிளாஸ்டிக், பாலியெஸ்டர் வலைகள் வந்தன. பாயும் மண்ணுமாக மாற்றி மாற்றி அடுக்கியதுபோல, சில வரி பிளாக், ஒரு வலை, மேலே மண், திமிசு, மறுபடி பிளாக் என்று ஏற வேண்டும். வலைக்கும் வலைக்கும் நடுவே அதிகபட்சம் 600 மி.மீ. இடைவெளி. முடிந்ததும் கணக்கில் நிற்பது ஒரு அடி கனமுள்ள பிளாக் முகப்பு அல்ல. வலை போகிற தூரம் வரையுள்ள மண் மொத்தமும் சேர்ந்து ஒரே கட்டியாக நிற்கிறது. அது சறுக்குமா, கவிழுமா, அடிமண் தாங்குமா என்று அந்தக் கட்டிக்கே பார்க்கிறோம். அடுத்து வலை அறுமா, மண்ணிலிருந்து உருவிக்கொள்ளுமா, பிளாக்கை விட்டுக் கழன்றுவிடுமா என்று உள்ளே பார்க்கிறோம். கடைசியில் சுவரையும் சேர்த்து மலைச்சரிவே வழுக்கிப் போகுமா என்பது. சரிவில் கட்டும்போது பலரும் மறப்பது இந்தக் கடைசிக் கேள்வியை.

வலை எவ்வளவு நீளம் வேண்டும்? இங்கேதான் திருட்டு நடக்கிறது. கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். நான் மேலே எடுத்துக்கொண்ட மண்ணில் பிரியும் ஆப்பு, அடியிலிருந்து 60 பாகைச் சரிவில் மேலேறும். மூன்று மீட்டர் சுவருக்கு மேல்மட்டத்தில் அதன் அகலம் ஏறக்குறைய 1.7 மீட்டர். வலை அந்த ஆப்பைக் கடந்து, அசையாத மண்ணுக்குள் போய்ப் பிடித்தால்தான் அதற்கு வேலை. அதனால்தான் முகப்பிலிருந்து அளந்து, சுவர் உயரத்தில் குறைந்தது 60 சதவீதம் என்றும், நெடுஞ்சாலைப் பணிகளில் 70 சதவீதம் என்றும் விதி வைத்திருக்கிறார்கள். மேலே வண்டி நின்றாலோ, பின்புறம் மேடாக ஏறினாலோ இன்னும் கூடும். நான் சொன்ன அந்தச் சுவரில் வலை இருந்தது. கைநீளம் இருந்தது. மொத்தமும் ஆப்புக்குள்ளேயே முடிந்துபோயிருந்தது. ஆப்பு நகர்ந்தபோது வலையும் அதோடு சமர்த்தாக நகர்ந்து வந்திருக்கிறது.

வலைக்குத் திசையும் உண்டு. பெரும்பாலான வலைகள் சுருள் நீளும் திசையில்தான் முழு வலிமை கொண்டவை. அந்தத் திசை சுவருக்குச் செங்குத்தாக மண்ணுக்குள் போக வேண்டும். சுவரோடு நீளவாக்கில் உருட்டிவிட்டால் வெட்டுகிற வேலை மிச்சம். அதனால் அப்படியே உருட்டுகிறவர்கள் உண்டு. பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. விரித்த வலையைச் சுருக்கமில்லாமல் இழுத்து முளையடித்துவிட்டு மண் கொட்ட வேண்டும். வெறும் வலை மேல் வண்டி ஏறக் கூடாது. வளைவில் இரண்டு வலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் நடுவே மூன்று அங்குல மண் இருக்க வேண்டும். பிளாஸ்டிக்கின் மேல் பிளாஸ்டிக் வழுக்கும்.

முதல் வரியைப் பற்றிச் சொல்லாமல் போனால் என்னோடு வேலை செய்கிறவர்கள் கோபித்துக்கொள்வார்கள். முதல் கோணல் முற்றும் கோணல் என்பது இந்தச் சுவருக்கென்றே சொன்னதுபோல் இருக்கும். செங்கல் சுவரில் கொஞ்சம் ஏறுமாறு வந்தால் சாந்தைக் கூட்டிக் குறைத்துச் சரிக்கட்டலாம். இங்கே சரிக்கட்டச் சாந்து இல்லை. பிளாக்கின் உயரத்திலேயே 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் கூடாது என்று அமெரிக்கத் தர விதி சொல்வது அதனால்தான். அடியில் ஆறு அங்குலக் கனத்துக்கு உடைகல் பரப்பி, திமிசு போட்டு, நூல் கட்டி, ஒவ்வொரு பிளாக்கையும் குறுக்கிலும் நெடுக்கிலும் ரசமட்டம் வைத்து உட்கார வைக்க வேண்டும். அரை நாள் இதற்கே போய்விடும். போகட்டும். மேலே ஏறும் வரிகள் அந்த அரை நாளைத் திருப்பித் தந்துவிடும். அந்த முதல் வரி தரைமட்டத்துக்குக் கீழே புதைந்திருக்க வேண்டும், குறைந்தது ஆறு அங்குலம். புதைந்த பிளாக் வீண்தானே என்று மேலே தூக்கி வைக்கச் சொல்லும் வீட்டுக்காரர்களிடம் நான் பேசிப் பேசி அலுத்துவிட்டேன். முன்பக்க மண் மழையில் அரித்துப் போனால் பாதத்தைக் காப்பாற்ற வேறு எதுவும் இல்லை.

அடியில் கான்கிரீட் போட்டால் இன்னும் பலம்தானே என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. போடலாம், தப்பில்லை. ஆனால் இந்தச் சுவரின் குணமே அடிமண் சிறிதளவு இறங்கினால் தானும் கூடவே அசைந்துகொடுப்பது. உடைகல் படுகை அதற்குத் தோதாக இருக்கும்.

திமிசு விஷயத்தில் ஒன்றே ஒன்று. ஆறு முதல் எட்டு அங்குலம் மண் கொட்டி இறுக்கி, அப்புறம் அடுத்தது. முகப்பிலிருந்து ஒரு மீட்டருக்குள் கையால் தள்ளும் பிளேட் காம்பாக்டர் மட்டும்தான். ரோலரை அங்கே விட்டால் சுவரைக் கட்டும்போதே முன்னால் தள்ளிவிடும்.

இன்னொரு தந்திரத்தையும் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உயரமான சுவருக்குப் பொறியாளர் கையெழுத்து கேட்பார்கள் என்பதால், ஒரே ஆறடிச் சுவரை மூன்றடிச் சுவர்கள் இரண்டாகப் பிரித்துப் படிபோலக் கட்டுவது. அழகாகத்தான் இருக்கும். ஆனால் கீழ்ச்சுவரின் உயரத்தைப்போல் இரண்டு மடங்காவது பின்னால் தள்ளி மேல்சுவரைக் கட்டினால்தான் இரண்டும் தனித்தனி. மூன்றடிச் சுவருக்கு ஆறடி இடைவெளி. இரண்டடி விட்டுக் கட்டினால் மேல்சுவரின் பாரம் முழுக்கக் கீழ்ச்சுவரின் தோளில். மண்ணுக்கு அது கிட்டத்தட்ட ஒரே ஆறடிச் சுவர்தான்.

இவ்வளவும் நடப்பதற்குக் காரணம் வேலையாட்களின் அறியாமை மட்டும் என்று நான் நினைக்கவில்லை. விலை பேசும் விதம்தான் கோளாறு. முகப்பின் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசுகிறோம். முகப்பு எல்லோர் கண்ணுக்கும் தெரியும், எண்ணலாம், குறைத்தால் மாட்டிக்கொள்வார்கள். அதனால் குறைப்பதெல்லாம் பின்னால்தான் நடக்கும். ஜல்லி, வலை, குழாய், துணி, திமிசு எதையும் தனி வரியாக எழுதாத மதிப்பீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, மூன்று பேரில் குறைந்த தொகை சொன்னவருக்கு வேலையைக் கொடுத்தால், அவர் எதைக் குறைத்தார் என்று வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நேர்மையாக ஜல்லிக்கும் வலைக்கும் சேர்த்துக் கேட்டவர் அந்தப் போட்டியில் தோற்றுப்போகிறார். நல்ல ஆட்கள் இந்த வேலையை விட்டுப் போவதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எனவே வாசகர்களுக்கு நீங்கள் சொல்லக்கூடியது இது: மதிப்பீட்டில் பின்பக்கப் பொருள் ஒவ்வொன்றையும் அளவோடு தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு வலையையும் விரித்தவுடன், மண் மூடுவதற்கு முன், அளவு நாடாவை மேலே வைத்து ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் மேலிருந்து ஒரு குடம் தண்ணீரை ஜல்லிக்குள் ஊற்றிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஒரு குடம் ஒன்றையும் காட்டாது. மண் நிரப்பும் முன்பே குழாயின் மேல்கோடியில் குழல் வைத்துத் தண்ணீர் விட்டு, கீழ்வாய் வழியே ஓடி வருவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். சுவர் முடிந்தபின் உச்சியில் ஒரு அடி கனத்துக்கு நீர் இறங்காத மண்ணால் மூடி, மேலிருந்து ஓடிவரும் மழைநீரைச் சுவர்ப் பக்கம் விடாமல் ஒரு சிறு வாய்க்கால் வெட்டித் திருப்பிவிடுங்கள். கூரைத் தண்ணீர்க் குழாயைச் சுவருக்குப் பின்னால் கொண்டுபோய் விடுகிறவர்களுக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

பிளாக்கைப் பற்றி அதிகம் எழுதவில்லை. முழு விளிம்பு, சீரான உயரம், தட்டினால் கணீரென்ற ஓசை, தயாரிப்பாளர் தரும் பரிசோதனைச் சான்று இருந்தால் போதும். நிறம் உங்கள் விருப்பம்.

அடுத்த முறை இதே பக்கத்தில் தடுப்புச் சுவர் பற்றி எழுதும்போது, முகப்புப் படங்களோடு ஒரே ஒரு குறுக்குவெட்டுப் படமும் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். அடிப்படுகை, ஜல்லி, துணி, குழாயின் வாய், வலையின் நீளம் எல்லாம் தெரியும்படி, கால் பக்கம் போதும். வரைய ஆள் இல்லையென்றால் நானே வரைந்து அனுப்புகிறேன். அளவுகளை மட்டும் அச்சில் மாற்றாமல் போட்டால் சரி.

இப்படிக்கு,
ஒரு வாசகி, சிவில் பொறியாளர்